எல்லை தாண்டினால் ஓடும் வண்டி

அப்பாவின் பிக்கப்புக்குக் கேரளம் பிடிக்கவில்லை என்று சந்தையில் ஒரு பேச்சு இருந்தது. பொழியூர் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு விடியும்போது கிளம்பும் வண்டி பாறசாலை வரை ஒழுங்காக வரும். வெள்ளறடையைத் தாண்டி, பனச்சமூட்டுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தால் மறுபடி கிளம்பும். மேலே போய் எல்லையோரத்துப் பனச்சமூட்டுச் சந்தையில் கூடைகளை இறக்கி, எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டுப் பங்கில் பெட்ரோல் அடித்த பிறகு அதற்கு ஒரு குறையும் இராது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு, இதைவிட மோசமான மேடுகளில் ஏறி இறங்கி, சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேரும். "வண்டிக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் ஏதும் பேசி வச்சிருக்கா?" என்று ஒருவர் கேட்டதை அப்பா வீட்டில் வந்து சிரிக்காமல் சொன்னார்.

வண்டி சின்னது, பெட்ரோலில் ஓடுவது, என்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பது. அப்பா வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டிக் களைத்த வண்டி. பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்பதை வைத்து டாங்கில் மிச்சம் இருப்பதை அப்பா மனசில் கணக்குப் பண்ணிக்கொள்வார். அந்தக் கணக்கு தப்பியதில்லை. இதில் அவருக்குப் பெருமை உண்டு. இன்னொரு பெருமை, இந்த வண்டிக்குக் கேரளத்துப் பங்கில் ஒரு சொட்டும் அடித்ததில்லை என்பது. எல்லைக்கு அப்பால் விலை குறைவு. எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற யாரும் இதைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். மழை வந்தால் குடை எடுப்பதுபோல அது எல்லாருக்கும் தெரிந்த காரியம். ஆனால் அப்பா அதைக் கொஞ்சம் கடுமையாகவே கடைப்பிடித்தார். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு அந்தப் பக்கம் அடிப்பார். மறுநாள் காலை பொழியூர் போய் ஏற்றிக்கொண்டு எல்லைக்கு வந்து சேரும்போது டாங்கின் அடித்தட்டு காய்ந்துகொண்டிருக்கும்.

பொழியூர் ஓட்டம்தான் எங்கள் வீட்டுக்கு நிலையான வருமானம். வாழைக்குலை உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மீன் அப்படியல்ல. ஐந்தாறு பெண்கள் சேர்ந்து அப்பாவை அமர்த்தியிருந்தார்கள். கடல் ரோட்டைத் தின்றதனால் வண்டி நிறுத்தும் இடம் வருடத்துக்கு வருடம் உள்ளே தள்ளிப்போகும்; மற்றபடி அந்த ஏற்பாட்டில் மாற்றமே இருந்ததில்லை. கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் வண்டியில் வரும். பெண்கள் பஸ்ஸில் வருவார்கள். அவர்களில் மூத்தவர் மட்டும் எல்லாருடைய மீனுக்கும் காவலாக அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொள்வார். அவரை எல்லாரும் சேச்சி என்றே அழைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான். அவர் வயதில் அப்பாவைவிடப் பெரியவர், சொல்லில் இன்னும் பெரியவர்.

பனச்சமூட்டில் தாமதமாகப் போய்ச் சேருவதென்றால், அதற்குள் தேங்காப்பட்டணத்து மீன் அந்தப் பக்கமிருந்து வந்து இறங்கியிருக்கும் என்று அர்த்தம். முதலில் விரிக்கிற மீனுக்குத்தான் ஆள். வண்டி அந்த மாதம் பல காலைகளில் ஏற்றத்தில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, நின்ற வண்டியிலிருந்து சேச்சி இறங்கி, ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு முடித்துவிட்டுச் சொன்னதை அப்பா வார்த்தை மாறாமல் எங்களிடம் சொன்னார்.

"எலே மக்கா, உனக்க மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. மீனுக்காக்கும் கோவம் வருது, நாறுது பாரு. நாளைக்கு வேண்டாம், திங்களாழ்ச்ச வாறேன். அண்ணு நின்னா, பிறகு நாங்க வேற வண்டியில வாறோம்."

வேறு வண்டி யாருடையது என்பதும் அப்பாவுக்குத் தெரியும். பொழியூரிலேயே புதிதாக ஒருவர் வாங்கி நிறுத்தியிருந்தார். ஆகவே திங்கட்கிழமை வண்டி ஏற்றத்தைக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் ஓட்டம் கைவிட்டுப் போகும். எங்கள் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை இதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

உதியன்குளங்கரையில் அப்பாவுக்கு வழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் பிளக் மாற்றினார், காற்று வடிகட்டியை ஊதினார், இக்னிஷன் காயிலை மாற்றினார். எல்லாம் செய்த பிறகும் வண்டி நின்றபோது, "ஓவர்லோடு ஆணு சேட்டா, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார். அப்பா அதை நம்பினார். ஏற்றம், பாரம், பழைய என்ஜின். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு கூடைகளைக் குறைக்கச் சொல்லிப் பெண்களிடம் கேட்டதில்தான் சேச்சியின் கோபம் ஆரம்பித்ததே.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சிரமப்பட்டு வாங்கியதைச் சின்னதாக்கிச் சொல்வது அடக்கம் என்று எங்கள் சர்ச் சபையில் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பொய் சொல்வதுபோலத் தோன்றும். என் வேலை, வண்டி கொண்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது. எப்போது நிற்கிறது, சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது, டாங்கில் எவ்வளவு இருந்தது. சரியான கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கேள்விகளை என் வீட்டு வண்டிக்கு நான் அதுவரை கேட்கவில்லை. அப்பா என்னிடம் கேட்டதும் இல்லை. அவருக்கு நான் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிறவள்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் வண்டியின் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அப்பா ஒரு சாக்கை நனைத்து என்ஜின் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் இளம் வயதில் ஓட்டிய பழைய ஜீப்பில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கும். சூட்டில் அது அடைத்துக்கொண்டால் ஈரத்துணி போட்டால் சரியாகும். அந்தப் பழக்கத்தில், ஏற்றத்தில் நின்ற ஒவ்வொரு தடவையும் சேச்சியின் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி என்ஜின் மேல் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியும் இருக்கிறது. ஐஸ்தான் கிளப்பியது என்று அவர் நம்பினார். சேச்சிக்கு அது ஐஸ் நஷ்டம். எங்களுக்கு, சீட்டில் சாளை மீன் நாற்றம்.

இந்த வண்டியில் பம்ப் அங்கே இல்லை என்றேன். பிறகு எங்கே என்று கேட்டார். டாங்குக்கு உள்ளே என்றேன்.

"பெட்ரோலுக்கு உள்ளயா?"

"ஆமாப்பா. கரண்ட்ல ஓடுற சின்ன மோட்டார். பெட்ரோல்ல முங்கிக் கெடக்கும்."

அப்பா சாக்கைப் பிழிந்தார். "பெட்ரோலுக்குள்ள கரண்ட். கொள்ளாம். தீய அணைக்கியதுக்கும் உனக்க காலேஜ்ல சொல்லித் தந்தாவளா?"

அம்மா அடுக்களையிலிருந்து சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. வாதம் பண்ணுவதைவிட கேட்க வைப்பது எளிது. அம்மாவை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பினால் போதும், ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றேன். அப்பாவை டாங்க் மூடியைத் திறந்து காதை அருகில் கொண்டு போகச் சொன்னேன். அம்மா சாவியைத் திருப்பினார். உள்ளே ஏதோ முனகி, உடனே அடங்கியது. அப்பா தலையை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார், இன்னொரு தடவை. அம்மா மறுபடி திருப்பினார். நல்ல பம்ப் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். இது மணல் அரைப்பதுபோல இருந்தது.

பிறகுதான் என் கேள்விகளைக் கேட்டேன். இந்தத் தடவை பதில் வந்தது. காலையில் மட்டும்தான் நிற்கிறது. கிளம்பி நெடுநேரம் ஓடிய பிறகு. அந்தப் பக்கம் பெட்ரோல் அடித்த பிறகு நின்றதே இல்லை. வாழைக்குலைப் பாரம் மீனைவிடக் கூடுதல்தானே என்று கேட்டேன். "குலைக்க கனம் வேற, மீனுக்க கனம் வேற" என்றார். அது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

எனக்கு அப்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த மோட்டார் ஓடும்போது சூடாகும். அதைச் சுற்றி நிற்கிற பெட்ரோல்தான் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். எருமை குளத்தில் கிடப்பதுபோல, என்று அப்பாவிடம் சொன்னேன். தண்ணீர் நிறைய இருக்கும்வரை அதற்குச் சுகம். குளம் வற்றி முதுகு வெளியே தெரிந்தால் வெயில் தாங்காது. அப்பா வருடக்கணக்காகக் குளத்தை வற்றவிட்டே ஓட்டியிருக்கிறார். பம்ப் தேய்ந்துவிட்டது. எல்லைக்கு வந்து சேரும் நேரத்தில்தான் டாங்க் ஆகக் குறைவாக இருக்கும், பம்ப் ஆக அதிகம் சூடாகியிருக்கும், அந்த நேரத்தில்தான் ஏற்றமும் கூடுதல் பெட்ரோல் கேட்கும். எல்லை தாண்டியதும் புதுப் பெட்ரோல் விழும். எருமை குளிரும். தமிழ்நாட்டின் மகிமை அவ்வளவுதான்.

அப்பா முழுவதையும் கேட்டார். "அப்போ எனக்க மேலயாக்கும் குத்தம்" என்றார். குற்றம் யார் மேல் என்பது என் கேள்வி அல்ல என்றேன். அவர் சாக்கை வேலியில் காயப்போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்குத் தெரிவது வேறு, காட்டுவது வேறு. சர்வீஸ் சென்டரில் சொல்லி, பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் மீட்டரையும் வயரில் கரண்ட் பார்க்கும் மீட்டரையும் வாங்கி வந்தேன். பம்புக்குப் போகிற கரண்டில் குறைவில்லை. வடிகட்டியிலும் அடைப்பில்லை. அழுத்த மீட்டரை முற்றத்தில் நிறுத்திப் பார்த்தபோது முள் நின்ற இடம் நியாயமாகவே இருந்தது. திரும்பி வந்திருந்த அப்பா அதைக் கண்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். குளிர்ந்த வண்டியில் நன்றாகத்தான் இருக்கும். ரோட்டில் பார்க்க வேண்டும். மீட்டரின் குழாயைச் சீட்டுக்கு அடியிலிருந்து கதவுக்குக் கீழே வெளியே கொண்டு வந்து, மீட்டரைப் பக்கவாட்டுக் கண்ணாடியின் கம்பியில் முகம் உள்ளே தெரியும்படி கட்டினேன். எந்த இடத்துக்குக் கீழே முள் போனால் என்ஜின் அணையும் என்பதற்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லை. ஆராதனை முடிந்ததும் அப்பா வெள்ளை வேட்டியோடேயே வண்டியில் ஏறினார். பாரம் ஒன்றும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். டாங்க் வழக்கமான காலை அளவுக்குக் காய்ந்திருந்தது. பம்ப் சூடேறட்டும் என்று பொழியூர் வரை போய்த் திரும்பி, பாறசாலை வழியாக மேலே ஏறினோம். வெள்ளறடை வரை முள் அசையவில்லை. அதன்பிறகு முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஏற்றத்தின் அடியில் டேப்பைத் தொட்டது. பாதி ஏறியதும் வண்டி நின்றது. வழக்கமான இடம் வருவதற்குச் சற்று முன்னாலேயே நின்றது.

"பாரம் இல்ல" என்றேன்.

"கண்ணு எனக்கும் உண்டு" என்றார்.

ஏற்றத்தின் கீழே கேரளத்துப் பங்க் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பா பின்னாலிருந்து தகரக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பங்கைக் கை காட்டினேன். அவர் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மேல்நோக்கி எல்லைக்கு நடந்தார். ஞாயிறு வெயிலில், சபைக்குப் போட்ட சட்டையோடு, கையில் கேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் போலத் தெரிந்திருக்கும்.

அவர் நடந்ததில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் வருவதற்குள் பம்ப் தானாகக் குளிர்ந்துவிடும். பெட்ரோல் ஊற்றியதால் கிளம்பியதா, காத்திருந்ததால் கிளம்பியதா என்று தெரியாமல் போகும். ஐஸ் வைத்து அவர் ஏமாந்ததுபோல நானும் ஏமாறக் கூடாது. ஆகவே சற்றுப் பொறுத்து நானே வண்டியைக் கிளப்பினேன். கிளம்பியது. முள் மேலே போனது. கொஞ்சம் ஓடியதும் மறுபடி சரிந்து, டேப்பைத் தாண்டி, அணைந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அதற்குள் அப்பா வந்துவிட்டார். அவரைப் பார்க்கச் சொல்லி இன்னொரு தடவை கிளப்பி, அணையவிட்டுக் காட்டினேன். பிறகு கேனில் இருந்ததை டாங்கில் கவிழ்த்தோம். முள் ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. அப்பா சீட்டில் ஏறி, ஏற்றத்தை முழுவதும் கடந்து, சந்தையைக் கடந்து, எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டுப் பங்கில் கொண்டு போய் நிறுத்தினார்.

"நெறய அடி" என்றார் அங்கிருந்தவரிடம். அவருக்கு நம்ப முடியவில்லை; அப்பா அங்கே அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லையாம். நான் போனைக் காட்டிப் பணம் கொடுத்தேன். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பம்ப் வாங்க ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கட்கிழமை ஓட்டம் தேய்ந்த பம்போடுதான். டாங்க் நிறைந்திருந்தால் தாங்கும் என்பது என் கணிப்பு. தாங்காமல் போகவும் இடமுண்டு, அதையும் அப்பாவிடம் சொன்னேன். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன்.

பொழியூரில் எல்லாக் கூடைகளும் ஏறின. குறைக்கச் சொல்லி அப்பா கேட்கவில்லை. சேச்சி அதைக் கவனித்தார். என்னையும் கவனித்தார். இரண்டு பேர் உட்காருகிற இடத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம், நான் நடுவில், அவர் கதவோரம். கண்ணாடியில் கட்டியிருந்ததைப் பார்த்து, "இது என்னது, பிரஷர் பாக்கியதா?" என்று கேட்டார். ஆமாம், வண்டிக்கு என்றேன். சிவப்பு டேப்புக்குக் கீழே முள் வந்தால் வண்டி நிற்கும் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை.

பாறசாலையில் முள் நின்ற இடத்தைப் பார்த்து, கொள்ளாம், நல்லாயிருக்கு என்றார். வெள்ளறடையில் முள் கொஞ்சம் தாழ்ந்தது. "இறங்குது மக்கா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஏற்றத்தின் அடியில், கேரளத்துப் பங்கைத் தாண்டும்போது, முள் டேப்புக்கு ஒரு நகக்கண் மேலே நின்று நடுங்கியது. பின்னால் ஐஸ் பெட்டிகள் சரிந்து முட்டின. அப்பா கியரைக் குறைத்தார். வண்டி வழக்கமாக நிற்கிற, சேச்சி வெற்றிலை போட்ட அந்தக் கல்லிடம் வந்தோம். தாண்டினோம். மேலே மரச்சீனிக் கிழங்குக் கடையின் படுதா தெரிந்தபோது சேச்சி முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

பனச்சமூட்டில் தேங்காப்பட்டணத்து வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. பஸ்ஸில் வந்த பெண்கள் கூடைகளை இறக்கினார்கள். சேச்சி தன் கூடையைக் கடைசியாக வாங்கிக்கொண்டு, அப்பாவிடம், "நாளைக்கு நேரத்துக்கு வா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்தா படிச்சது?" என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். "அப்போ நீயாக்கும் மெக்கானிக்கு" என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை.

மறுநாள் மீன் ஓட்டம் மட்டும் முடித்து வந்து முற்றத்தில் பம்ப் மாற்றினோம். பம்பை எடுக்க டாங்கையே கீழே இறக்க வேண்டும். வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த டாங்க் அன்றைக்குப் பார்த்து நிறைந்திருந்தது. பெட்ரோலைக் கேன்களுக்கு மாற்றுவதிலேயே மத்தியானம் போனது. அப்பா இதைச் சுட்டிக்காட்டாமல் இருக்கவில்லை. பழைய பம்பை வெளியே எடுத்தபோது அதன் உடல் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்பிடுதானா எருமை" என்றார்.

புதுப் பம்பின் சட்டத்திலேயே அளவு காட்டும் மிதவையும் சேர்ந்து வந்தது. பெட்ரோலை மறுபடி ஊற்றிச் சாவியைத் திருப்பியதும், செத்துக்கிடந்த முள் எழுந்து மேலே போனது. அப்பாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. டாங்கில் இருப்பது அதுவரை அவருக்கு மட்டும் தெரிந்த காரியமாக இருந்தது. இப்போது யாரும் பார்க்கலாம். அவர் இப்போதும் கேரளத்தில் அடிப்பதில்லை. அந்தப் பக்கம் தினமும் நிறைத்துக்கொண்டு வருகிறார், யாரும் உறிஞ்சி எடுக்காதபடி பூட்டுப் போட்ட மூடியோடு. உதியன்குளங்கரையில் யாராவது வண்டி நிற்கிறது என்று சொன்னால், குளம், எருமை, முதுகு என்று முழுவதையும் விளக்குகிறாராம். யார் சொன்னது என்ற பகுதி அந்த விளக்கத்தில் கிடையாது. மெக்கானிக் எனக்குச் சொல்லித்தான் இது தெரியும்.

சேச்சி மட்டும் தினமும் பொழியூரில், கூடை ஏறும் முன், திறந்த கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு பெட்ரோல் அளவு காட்டும் முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டுகிறார். முள் பாதிக்கு மேல் இருந்தால்தான் கூடை ஏறும். ஒருநாள் முள் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்ததாம்.

"எலே, எருமை வெயில்ல நிக்குது" என்று சொல்லி, கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றிருக்கிறார். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு களியிக்காவிளை வரை போய், எல்லை தாண்டி, நிறைத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் ஏற்றினார்களாம்.